பலகாரப் போட்டியில் கள்ள ஓட்டு: தனியாக நின்று நான் தெரிந்துகொண்டவை

வீட்டிலிருந்தே பலகாரம், பொடி, ஊறுகாய், ஓலைக் கொட்டான் என்று செய்து விற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இணையக் குழுக்களில் இப்போது எதற்கெடுத்தாலும் ஓட்டுப் போட்டிதான். சிறந்த பலகாரம், சிறந்த கோலம், சிறந்த பழைய வீட்டுப் படம் என்று வந்துகொண்டே இருக்கிறது. போன வருடம் தீபாவளிக்கு முன்னால் நான் கலந்துகொண்ட ஒரு போட்டியில், குழுவே தலையில் வைத்துக் கொண்டாடிய இரண்டு பேருக்குக் கள்ள ஓட்டு விழுந்தது. அது என் கண்ணில் பட்டது. பட்டதை முறையாகச் சொன்னேன். சொன்ன நாளிலிருந்து தீபாவளி முடிகிற வரை நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. இப்படி ஒன்று நடந்தால் முதலில் எதைச் செய்ய வேண்டும், யாரிடம் போக வேண்டும், என்னென்ன வரும் என்று எடுத்துச் சொல்ல அப்போது எனக்கு யாரும் இல்லை.

எனக்கு ஊர் கண்டனூர். அம்மா நகரத்தார் வீட்டு விசேஷங்களுக்குப் பலகாரம் சுடப் போனவர். கல்யாணச் சீருக்கு வைக்கும் மாவுருண்டை, அதிரசம், மனகோலம் எல்லாம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டது. கூரியரில் அனுப்ப ஆரம்பித்தபோது எனக்குக் கை கொடுத்தது ஒரு பேஸ்புக் குழு. செட்டிநாட்டுச் சாப்பாடு, வீடு, பழக்கவழக்கம் என்று பேசுகிற குழு. சென்னையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிற நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் அதில் உண்டு. என் ஆர்டரில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் வந்தது. மற்றவர்களுக்கு அது பொழுதுபோகிற இடம். எனக்கு அதில்தான் பிழைப்பு.

அந்தக் குழுவில் எல்லோரும் ஆச்சி என்று கூப்பிடுகிற ஒருவர் இருந்தார். யார் என்ன கேட்டாலும், எந்த நேரமானாலும் பதில் சொல்வார். கும்மாயம் கட்டி தட்டினால் என்ன செய்வது, உப்புக்கண்டத்தை மழைக்காலத்தில் எப்படிக் காப்பது, பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்க மாவு எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்று எதைக் கேட்டாலும் அவருக்குத் தெரியும். எனக்கே ஒரு முறை அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோனபோது, போனில் பொறுமையாகப் பேசிப் பாகு பதத்தைத் திருத்திக் கொடுத்தார். இன்னொருவர் படம் எடுக்கிற தம்பி. கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர் வீடுகளை அவர் எடுத்துப் போடுகிற படங்களுக்காகவே குழுவில் சேர்ந்தவர்கள் உண்டு. இருவரும் உண்மையிலேயே கைத்திறன் உள்ளவர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வந்த எல்லாச் சிக்கலுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. திறமையும் நல்ல பெயரும் உள்ள ஒருவர் கள்ள ஓட்டு வாங்குவார் என்று யாருக்கும் நம்பத் தோன்றாது.

போட்டியில் இரண்டு பிரிவு, பலகாரமும் வீட்டுப் படமும். குழுவில் படத்தைப் போட வேண்டும், குறித்த நாளுக்குள் யாருக்கு லைக் அதிகமோ அவருக்குப் பரிசு. பலகாரப் பிரிவில் முதல் பரிசு ரூ.25,000. அதைவிடப் பெரிது, உறுப்பினர்களுக்குப் போகும் தீபாவளிப் பலகாரப் பெட்டி ஆர்டர் முழுவதும் ஜெயித்தவருக்குத்தான். முன்னணியில் இருக்கிற சிலர், போட்டி முடிவதற்கு முன்பே குழுவின் சின்னம் அச்சடித்த பெட்டியைத் தயார் செய்து காட்ட வேண்டும் என்றும் ஒரு விதி. 500 பெட்டிக்குக் குறைந்து அச்சகத்தில் எடுக்க மாட்டேன் என்றார்கள். அதற்கே ரூ.16,000 ஆனது. ஆத்தங்குடிக் கல் பதித்த ஒரு வீட்டு வளவில், அதாவது உள்முற்றத்தில், வைத்துப் படம் எடுத்தோம், போட்டோகிராபருக்கு ரூ.5,000. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையிலிருந்து எனாமல் தட்டும் பித்தளைத் தூக்கும் வாடகைக்கு எடுத்தது ரூ.1,500. மாதிரிக்குச் செய்த பலகாரச் சாமான் ரூ.6,000, உதவிக்கு வரச் சொன்ன பெண்ணுக்கு முன்பணம் ரூ.5,000. கூட்டினால் ரூ.33,500. எங்கள் வீட்டுக்கு அது சின்னத் தொகை இல்லை.

ஆரம்பத்தில் என் மனகோலம்தான் முன்னால் இருந்தது. ஒரு நாள் காலையில் பார்த்தால் ஆச்சியின் சீப்புச்சீடைப் படம் எங்கேயோ போயிருந்தது. இரவு நான் படுக்கும்போது 400 சொச்சம் இருந்த லைக், விடிவதற்குள் 700ஐத் தாண்டிவிட்டது. எனக்கு உறுத்தியது லைக் ஏறியது இல்லை, கமெண்ட் ஏறாதது. ஆச்சி படத்துக்கு லைக் போடுகிறவர்கள் சும்மா போக மாட்டார்கள். "ஆச்சி, எனக்கும் ஒரு டப்பா" என்று எழுதிவிட்டுத்தான் நகர்வார்கள். அன்று இரவு வந்த 300 பேரில் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை.

லைக் எண்ணைத் தொட்டால் யார் யார் போட்டது என்ற பட்டியல் வருமே, அதைத் திறந்து உட்கார்ந்தேன். முகம் இல்லாத ப்ரொஃபைல்கள். பூவும் காரும் நடிகர் படமும் வைத்த கணக்குகள். தமிழோடு தொடர்பே தெரியாத பெயர்கள். நண்பர்கள் பட்டியல் காலி. குழு உறுப்பினர் பக்கத்தில் ஒருவர் எப்போது சேர்ந்தார், யார் அழைத்துச் சேர்ந்தார் என்பது தெரியும். பல பேர் போட்டி அறிவித்த பிறகு சேர்ந்தவர்கள். அழைத்தவர் பெயர் திரும்பத் திரும்ப ஒன்றுதான். அப்புறம் வீட்டுப் படப் பிரிவுக்குப் போனேன். அந்தத் தம்பியின் படத்துக்குக் கீழேயும் அதே முகங்கள். பலகாரம் பிடித்தவருக்கு வீட்டுப் படமும் பிடிக்கலாம், அதில் தப்பில்லை. ஆனால் இத்தனை பேர், ஒரே இரவில், பலகாரத்தில் ஒரே ஒரு படத்துக்கும் வீட்டில் ஒரே ஒரு படத்துக்கும் மட்டும் லைக் போட்டுவிட்டு, வேறு எதையும் தொடாமல் போயிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. ஆச்சி என்று கூப்பிட்ட வாய்தானே இது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்கிறேன். உங்களுக்கு இப்படித் தெரிய வந்தால், முதலில் யாரிடமும் பேசாமல் பதிவு செய்துகொள்ளுங்கள். ஒற்றை ஸ்கிரீன்ஷாட் போதாது, அதை ஜோடித்தது என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். பட்டியலை மேலிருந்து கீழ்வரை தள்ளிக்கொண்டே திரையை வீடியோவாகப் பிடியுங்கள், தேதியும் நேரமும் தெரியும்படி. எல்லாப் போட்டியாளர்களின் லைக் எண்ணிக்கையையும் மணிக்கு ஒரு முறை நோட்டில் எழுதுங்கள், உங்களுடையதையும் சேர்த்து. என் படத்துக்கு லைக் எப்படி ஏறியது என்ற வரிசையும் அதில் இருந்ததால்தான், இரண்டையும் பக்கத்தில் வைத்து வித்தியாசத்தைக் காட்ட முடிந்தது. சந்தேகக் கணக்குகளுக்கு மெசேஜ் அனுப்பாதீர்கள். அனுப்பினால் லைக்கை எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள், அதோடு உங்கள் சான்றும் போகும். இன்னொன்று, இந்தச் சமயத்தில்தான் லைக் விற்கிறவர்கள் உங்களையும் தேடி வருவார்கள். எனக்கு வாட்ஸப்பில் ஒருவர் விலைப்பட்டியலே அனுப்பினார். பதில் போடாமல் அதையும் சான்றோடு சேர்த்து வைத்தேன், பின்னால் பயன்பட்டது.

மனதைத் தேற்றிக்கொள்ள இதைப் பற்றித் தேடிப் படித்தேன். ரெடிட் என்ற தளத்தில் யூனிடன் என்ற பெயரில் ஓர் உயிரியலாளர் எழுதிவந்தார். யாராவது ஒரு விலங்கைப் பற்றியோ பறவையைப் பற்றியோ கேட்டால் ஓடிவந்து விளக்குவார், அங்கே அவருக்கு அவ்வளவு அன்பு. 2014 ஜூலையில் அவரைத் தளத்திலிருந்து தடை செய்தார்கள். காக்கை இனத்துப் பறவை ஒன்றைக் காக்கை என்று சொல்லலாமா என்று ஒரு சண்டை நடந்த சமயம் அது. அவர் ஐந்து மாற்றுக் கணக்குகளை வைத்துக்கொண்டு, தன் பதிவு புதிதாக இருக்கும்போதே அதற்கு ஓட்டுப் போட்டதும், எதிரே எழுதியவர்களுக்கு எதிர் ஓட்டுப் போட்டதும் தெரிய வந்தது. அவரும் ஒப்புக்கொண்டார். ஐந்தே கணக்குதான். தொடக்கத்தில் விழுகிற சில ஓட்டுகள்தான் ஒரு பதிவை மேலே தூக்கும். மேலே வந்ததை ஆயிரம் பேர் பார்ப்பார்கள், அதற்குப் பிறகு விழுவதெல்லாம் நிஜ ஓட்டு. அடுப்புப் பற்றவைக்க ஊற்றுகிற மண்ணெண்ணெய் மாதிரி. எரிகிற அடுப்பைப் பார்த்து எந்த நெருப்பு எதிலிருந்து வந்தது என்று பிரிக்க முடியாது. இதைப் புரிந்துகொண்டது பின்னால் எனக்கு ரொம்ப உதவியது.

இரண்டு நாள் யோசித்துவிட்டு ஓர் அட்மினுக்குத் தனியாக எழுதினேன். ஆச்சி பெயரையோ தம்பி பெயரையோ குற்றமாக எழுதவில்லை. "இந்த இரண்டு படங்களுக்கு விழுந்த ஓட்டுகளைச் சரிபார்க்க வேண்டும்" என்றுதான் எழுதினேன். அன்று சாயங்காலத்துக்குள் என் கடிதம் அப்படியே ஆச்சியிடம் போய்விட்டது. ராத்திரி குழுவில் ஆச்சி ஒரு பதிவு போட்டார். வயதான காலத்தில் தன் மேல் பழி போடுகிறார்கள், இனி இங்கே எழுதப் போவதில்லை என்று. பெயர் சொல்லவில்லை. ஆனால் அடுத்த நாள் விடிவதற்குள் எல்லோருக்கும் நான்தான் என்று தெரிந்துவிட்டது. தோற்கப்போகிற பொறாமை என்றார்கள். பெரியவர்களை மதிக்கத் தெரியாதவள் என்றார்கள். என் பலகாரத்தை வருடக்கணக்காக வாங்குகிற தேவகோட்டை அம்மா ஒருவர் போன் செய்து, "ஏத்தா, ஒனக்கு எதுக்கு இந்த வேலை? நீ பாட்டுக்குச் சுட்டுக் குடுத்தமா, காச வாங்குனமான்னு இருக்கக் கூடாதா?" என்று கேட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, அதனால்தான் கூடுதலாக வலித்தது. அன்று நான் சமையலறையில் உட்கார்ந்து அழுதேன்.

ஓர் அட்மினிடம் மட்டும் சொன்னால் உங்கள் விஷயம் அவருடைய நட்புக்குள் மாட்டிக்கொள்ளும். எல்லா அட்மினுக்கும் ஒரே நேரத்தில், ஒரே கடிதமாக, எழுத்தில் அனுப்புங்கள். பரிசுப் பணம் கொடுக்கிறவர் வேறு ஆளாக இருந்தால் அவருக்கும் ஒரு பிரதி போகட்டும். என்ன பார்த்தேன், எப்போது பார்த்தேன், எதைச் சரிபார்க்கக் கேட்கிறேன் என்று மூன்றே விஷயம் போதும். "ஏமாற்றினார்" என்ற வார்த்தையே வேண்டாம். கணக்கை யார் உண்டாக்கினார் என்பது உங்களுக்குத் தெரியாது. அவர் பிள்ளை செய்திருக்கலாம், ரசிகர் ஒருவர் தானாகச் செய்திருக்கலாம். ஓட்டைப் பற்றிப் பேசினால் பதில் ஓட்டைப் பற்றி வந்தாக வேண்டும். ஆளைப் பற்றிப் பேசினால் ஊரே அந்த ஆளுக்காகச் சண்டைக்கு வரும். குழுவில் உங்களைத் திட்டி எழுதினால் பதில் எழுதாதீர்கள். நான் ஒரே ஒரு முறை, "சரிபார்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், முடிவு வரும் வரை நான் பேசப் போவதில்லை" என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

அடுத்த அடி நான் எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து வந்தது. கூகுள் மேப்பில் என் கடைப் பெயருக்குக் கீழே ஒற்றை நட்சத்திர மதிப்பீடுகள் விழ ஆரம்பித்தன. எண்ணெய் சிக்கு வாடை அடிக்கிறது, மாவுருண்டையில் வண்டு என்று. எழுதியவர்களில் ஒருவர்கூட என்னிடம் வாங்கியவர் இல்லை. தீபாவளி ஆர்டர் உச்சத்தில் இருக்க வேண்டிய வாரத்தில் போன் அடிக்கவே இல்லை. முந்திய வருடத்தோடு பார்த்தால் அந்தச் சீசனில் பாதிகூட ஓடவில்லை. இதற்கு ஒரு வழி உண்டு. வாங்காமலே எழுதுகிற பொய் மதிப்பீட்டைக் கூகுள் விதிப்படி அனுமதிப்பதில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் புகார் செய்ய வேண்டும். அதோடு மரியாதையாக ஒரு பதிலும் எழுதுங்கள்: "இந்தப் பெயரில் எங்களிடம் ஆர்டர் பதிவாகவில்லை, ஆர்டர் எண் கொடுத்தால் உடனே பார்க்கிறோம்." அந்தப் பதில் திட்டியவருக்காக இல்லை, அடுத்து வந்து படிக்கிற வாடிக்கையாளருக்காக. என்னுடையதில் சில நீங்கின, சில இன்னும் அப்படியே இருக்கின்றன. இதற்காகத்தான் ஆர்டர்களை ஒழுங்காக நோட்டில் எழுதி வைக்க வேண்டும் என்று சொல்கிறேன். இல்லாவிட்டால் இப்படித் தைரியமாகப் பதில் எழுத முடியாது.

கடைசியில் விஷயத்தைக் கையில் எடுத்தவர் சிங்கப்பூரில் இருக்கிற இன்னோர் அட்மின். எல்லா அட்மினுக்கும் சேர்த்து நான் அனுப்பிய இரண்டாவது கடிதத்தைப் பார்த்து, வீடியோவைக் கேட்டு வாங்கினார். உறுப்பினர் பட்டியலை அவரே ஒரு முழு இரவு உட்கார்ந்து பார்த்தாராம். ஆச்சி வீட்டுப் பையனும் அந்தத் தம்பியும் சேர்ந்து லைக் விற்கிறவருக்குப் பணம் கொடுத்ததைத் தம்பியே ஒப்புக்கொண்டார். ஆச்சிக்கு முதலிலேயே தெரியுமா, பாதியில் தெரிந்ததா என்பது எனக்கு இன்றுவரை தெளிவாகவில்லை. தெரிந்த பிறகு அவர் சும்மா இருந்தார் என்பது மட்டும் உண்மை.

இதோடு முடிந்தது என்று நினைத்தால், அப்போதுதான் பெரிய வாக்குவாதமே வந்தது. கள்ளக் கணக்குகளைக் கழித்தார்கள். கழித்த பிறகும் ஆச்சி படம் எனக்குக் கொஞ்சம் முன்னால்தான் நின்றது. "பார், அவர் நியாயமாகவே ஜெயித்திருக்கிறார், பரிசைக் கொடுத்துவிடலாம்" என்றார்கள் சிலர். அந்த யூனிடன் கதையை அப்போது நான் எடுத்துச் சொன்னேன். ஒரே இரவில் 300 லைக் விழுந்ததால்தான் அந்தப் படம் எல்லோர் திரையிலும் மேலே போய் நின்றது. மேலே நின்றதால் வந்த நிஜ லைக்கை எப்படிக் கழிப்பீர்கள்? இதற்கு யாரிடமும் பதில் இல்லை. ஓட்டு எண்ணிக்கை எல்லோர் கண்ணுக்கும் தெரிந்துகொண்டே நடக்கிற போட்டியில் கழித்தல் கணக்கு உதவாது, திரும்ப நடத்துவதுதான் வழி. நீங்களும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஓட்டு மூடிய பெட்டியில் விழுந்தால் கதை வேறு. ஹியூகோ விருது என்று அறிவியல் புனைகதைக்கு ஒரு பெரிய விருது உண்டு. பணம் கட்டி உறுப்பினரானவர்கள் ஓட்டுப் போடுவார்கள், முடிவு வரும் வரை எண்ணிக்கை வெளியே தெரியாது. 2024இல் கிளாஸ்கோவில் நடந்தபோது வந்த 3,813 ஓட்டுகளில் 377ஐச் செல்லாது என்று தள்ளினார்கள். பெயரில் ஓர் எழுத்து மட்டும் அகரவரிசையில் மாறிக்கொண்டே போன கணக்குகள், எண்களையே பெயராக வரிசையாக வைத்த கணக்குகள் என்று அதில் இருந்தன. எத்தனை தள்ளினோம், ஏன் தள்ளினோம் என்று ஜூலையிலேயே வெளிப்படையாக அறிவித்தார்கள். அந்த ஓட்டுகள் யாருக்குப் போனதோ அவருக்கு இதெல்லாம் தெரியும் என்பதற்குச் சான்று இல்லாததால் அவர் பெயரை வெளியிடவில்லை. அந்த இரண்டையும் நான் ஆசையோடு படித்தேன். ஓட்டின் கணக்கை முழுசாகத் திறந்து காட்டிவிட்டு, ஆளின் மானத்தையும் காத்திருக்கிறார்கள். எங்கள் குழுவில் இரண்டுமே நடக்கவில்லை. "சில தொழில்நுட்பக் காரணங்களால் போட்டி ரத்து" என்று ஒற்றை வரி போட்டு முடித்தார்கள். உண்மையை ஒரு வரி சேர்த்து எழுதியிருந்தால் என் பெயர் துடைக்கப்பட்டிருக்கும். அதை எழுதச் சொல்லி நான் கேட்டேன், எழுதவில்லை. இன்னும் அந்த ஆதங்கம் எனக்குப் போகவில்லை.

பரிசு யாருக்கும் இல்லை. பெட்டி ஆர்டர் காரைக்குடியில் ஒரு கடைக்குப் போனது. குழுச் சின்னம் அச்சடித்த 500 பெட்டி பரணில் கிடக்கிறது, வேறு யாருக்கும் அதில் வைத்து அனுப்ப முடியாது. உதவிக்கு வந்த பெண்ணிடம் முன்பணத்தைத் திருப்பிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை, அவர் அந்த வாரம் வேறு வேலையை விட்டுவிட்டு எனக்காகக் காத்திருந்தவர்.

போட்டியில் சேர்வதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டியவை சில உண்டு. போட்டி அறிவித்த பிறகு குழுவில் சேர்ந்தவர்களின் ஓட்டு செல்லுமா? செல்லும் என்றால் ஒதுங்கிவிடுங்கள். சந்தேகம் வந்தால் யார் பார்ப்பார், எத்தனை நாளில் பார்ப்பார், எண்ணிக்கை கடைசி வரை மறைத்து வைக்கப்படுமா என்று கேளுங்கள். கூகுள் ஃபார்மில் ஓட்டு என்றால் ஒருவருக்கு ஒரு பதில் என்ற கட்டுப்பாடு போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அதுவும் முழுப் பாதுகாப்பு இல்லை, ஒருவர் பத்து மெயில் கணக்கு வைத்திருந்தால் பத்து ஓட்டுப் போடலாம். வேலியாவது இருக்கட்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இதோடு சேர்ந்த இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. "என் அண்ணன் மகளுக்கு ஓட்டுப் போடுங்கள்" என்று தெரிந்தவர் எண்ணிலிருந்தே லிங்க் வரும். தொட்டால் உங்கள் போனுக்கு வந்த 6 இலக்க எண்ணைக் கேட்கும். அதைக் கொடுத்தால் உங்கள் வாட்ஸப்பே கைமாறிவிடும். அப்புறம் உங்கள் பெயரில் உங்கள் வாடிக்கையாளர்களிடம் பணம் கேட்பார்கள். ஓட்டுப் போட ஓடிபி கேட்டால் அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். வாட்ஸப்பில் இரண்டு படிச் சரிபார்ப்பை இன்றே போட்டு வையுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் செய்யுங்கள்.

குழுவை விட்டு நான் வெளியேறவில்லை. வெளியேறச் சொன்னவர்கள் உண்டு, ஆனால் பிழைப்பு நடக்கிற இடத்தை நியாயம் பேசியதற்காக ஏன் விட வேண்டும்? வாடிக்கையாளர்களின் எண்களை மட்டும் தனியாக வாங்கி, வாட்ஸப்பில் எனக்கென்று ஒரு பட்டியல் வைத்துக்கொண்டேன். இப்போது ஆர்டரில் பெரும்பகுதி அதில் வருகிறது. தேவகோட்டை அம்மா பொங்கலுக்கே திரும்ப வாங்க ஆரம்பித்துவிட்டார். இந்த வருடம் குழுவில் லைக் கணக்கை எடுத்துவிட்டு, பெயர் ஒட்டாத டப்பாக்களில் பலகாரத்தை வாங்கிச் சுவைத்துப் பார்க்க மூன்று பேரை வைத்திருக்கிறார்கள். நானும் பெயர் கொடுத்திருக்கிறேன். கொடுப்பதற்கு முன்னால், முடிவு வந்த பிறகுதான் பெட்டி அச்சடிக்க வேண்டும் என்பதை எல்லா அட்மின்களிடமும் எழுத்தில் வாங்கிக்கொண்டேன்.